நீலச் சுடர் ஏன் மஞ்சளாகிறது?

“கேஸ் அடுப்பு சில நாள் மஞ்சளாக எரிகிறதே, கேஸில் கலப்படமா?” என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். கேஸைச் சந்தேகிக்கும் முன் காற்றைப் பாருங்கள்.

சமையல் கேஸில் உள்ள புரோப்பேன் வாயு ஒரு பங்கு முழுதாக எரிய 5 பங்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆகவே சுமார் 24 பங்கு காற்று தேவை. ஜெட் எனும் சிறு பித்தளை முனையின் நுண்துளையிலிருந்து சீறும் வாயு, பர்னர் குழாயின் திறப்பு வழியே அதில் ஒரு பகுதியை இழுத்துக்கொள்ளும். மீதி சுடரைச் சுற்றியிருந்து வரும். முதல் பகுதி சரியாகக் கலந்தால் சுடர் நீலம். எரிபொருள் மூலக்கூறு உடைகையில் கார்பனும் ஹைட்ரஜனும் ஒட்டிய துண்டுகள் கணநேரம் பிறந்து உமிழும் ஒளி அது.

காற்று குறைந்தால் நடப்பதுதான் எனக்கு வியப்பு. ஆக்சிஜன் எட்டாத உட்பகுதியில் எரிபொருள் எரியாமல் சிதைகிறது. ஹைட்ரஜன் கழன்று அசெட்டிலீன் உண்டாகிறது. அதிலிருந்து பென்சீன் வளையங்கள் பிறக்கின்றன. வளையத்தோடு வளையம் ஒட்டித் தகடாகி, தகடுகள் திரண்டு, சில பத்து நானோமீட்டர் அளவுள்ள கரித்துகள்கள் ஆகின்றன. வாயுவாகப் புகுந்தது, நெருப்புக்குள்ளேயே மில்லிநொடிகளில் திடப்பொருளாகிவிடுகிறது! ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேறிய அந்தத் துகள்கள் ஒளிர்வதே மஞ்சள். மெழுகுவர்த்தி வெளிச்சமும் இதே கரியின் ஒளிதான். சுடரின் விளிம்பில் ஆக்சிஜன் கிடைத்ததும் துகள்கள் எரிந்து மறைகின்றன. அதற்குள் குளிர்ந்த பாத்திரம் குறுக்கே வந்தால் அடியில் கரி பிடிக்கும்.

உப்புநீர் பொங்கி வழிந்தாலும் சுடர் மஞ்சளாகும். அது உப்பிலுள்ள சோடியம் உமிழும் மஞ்சள் ஒளி (அலைநீளம் 589 நானோமீட்டர்). சற்று நேரத்தில் போய்விடும், கரி படியாது. சந்தேகமென்றால் நீண்ட பிடியுள்ள எஃகுக் கரண்டியைச் சுடரில் சில நொடி காட்டுங்கள். கறுத்தால் காற்றுக் குறைவு. அப்படி எரியும் சுடர் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவையும் கூடுதலாக வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அடுப்பை அணைத்து, ஆறியபின் பர்னர் மூடியைக் கழற்றித் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்து, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். காற்றுத் திறப்பில் தூசியோ சிலந்திவலையோ இருந்தால் நீக்குங்கள். ஜெட்டில் மட்டும் ஊசி விடாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை சற்றே பெரிதானாலும் வாயு கூடும், காற்று ஈடுகொடுக்காது, சுடர் முன்னைவிட மஞ்சளாகும். அப்புறம் ஜெட்டையே மாற்ற வேண்டியதுதான்.