பாட்டியின் கெம்புத் தோடு

பாட்டியின் கெம்புத் தோடு ஒரு ஜோடி எங்கள் வீட்டில் இருக்கிறது. கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை ஒரு நாள் விளையாட்டாக அதன் மேல் அடித்தேன். இருட்டில், ஊதிவிட்ட தணல் மாதிரி கல் சிவப்பாகக் கனன்றது. மாணிக்கமேதான் என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

மாணிக்கம் என்பது பெரிய சமாச்சாரம் இல்லை. அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. அலுமினியச் சட்டியின் மேல் தானாகப் படிகிற மெல்லிய படலமும் அந்த ஆக்சைடுதான். அது பூமிக்குள் படிகமாக வளர்ந்தால் குருந்தம். ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ என்பது நம் குருந்தத்திலிருந்து போன சொல். மோஸ் கடினத்தன்மை அளவில் வைரத்துக்கு 10, குருந்தத்துக்கு 9. அதனால்தான் கத்திக்குச் சாணை பிடிக்க அதன் தூள் உதவியது. இப்போது சாணைச் சக்கரத்துக்கான தூளை, பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவை மின் உலையில் உருக்கிச் செய்துகொள்கிறார்கள்.

சுத்தமான குருந்தத்துக்கு நிறமே கிடையாது. நிறம் வருவது கலப்படத்தால். படிகத்தில் அலுமினிய அணு இருக்க வேண்டிய சில இடங்களில் குரோமியம் போய் உட்கார்ந்துகொள்ளும். நூற்றில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. குரோமியம் சற்றுப் பருமன். இடமோ அலுமினியத்துக்கு அளவெடுத்தது. சுற்றியுள்ள ஆக்சிஜன் அணுக்கள் நெருக்க, அதன் எலக்ட்ரான்கள் பச்சை, ஊதா ஒளியை விழுங்குகின்றன. மிஞ்சுவது சிவப்பு. அதோடு, விழுங்கிய ஆற்றலில் ஒரு பகுதியைச் சிவப்பு ஒளியாகவே திருப்பி உமிழ்கின்றன. டார்ச் வெளிச்சத்தில் நான் பார்த்த தணல் அதுதான். இதே குரோமியம் பெரில் என்ற கனிமத்தில் குடியேறினால் அங்கே நெருக்கம் கொஞ்சம் தளர்வு. விழுங்கும் நிறங்கள் சற்று நகர்ந்துவிடும், கல் பச்சையாகிவிடும். அதுதான் மரகதம். ஆள் ஒன்றுதான், வீடுதான் வேறு.

நீலக்கல்லும் குருந்தமே. அங்கே இரும்பும் டைட்டானியமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். இரும்பிலிருந்து ஓர் எலக்ட்ரான் டைட்டானியத்துக்குத் தாவும்போது மஞ்சளும் சிவப்பும் விழுங்கப்பட்டு நீலம் தங்குகிறது.

இலங்கையின் இரத்தினபுரியில் ஆற்றுச் சரளையைக் குழி தோண்டி எடுத்து, மூங்கில் கூடையில் போட்டு நீரில் சுழற்றி அலசுவார்கள். குருந்தம் தண்ணீரைப் போல் நான்கு மடங்கு கனம். சாதாரண வெள்ளைக் கூழாங்கல் இரண்டரை மடங்கு சொச்சம். சுழற்றச் சுழற்ற கனமானது அடியில் தங்கிவிடும். அப்படிக் கிடைத்தவற்றில் பால் கலந்தது போல் மங்கிய கற்களும் உண்டு. சிங்களத்தில் ‘கெவுட’ என்பார்கள். விலை போகாதென்று நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை மலிவாக அள்ளிப் போனார்கள். மங்கலுக்குக் காரணம், கல்லுக்குள் ஊசி ஊசியாய்ப் பிரிந்து நின்ற டைட்டானிய ஆக்சைடு. ஆக்சிஜன் குறைந்த உலையில் 1500 டிகிரிக்கு மேல் சுட்டால் ஊசிகள் கரைந்து, டைட்டானியம் படிகத்துக்குள் பரவி, இரும்புக்குப் பக்கத்தில் போய்ச் சேரும். மங்கிய கல் நீலமாக வெளியே வரும்! அப்புறம் இலங்கைக்காரர்களும் அந்தக் கலையைக் கற்றுக்கொண்டார்கள். இன்று கடையில் இருக்கும் நீலக்கற்களில் பெரும்பாலானவை சூடு கண்டவையே. அதைச் சொல்லி விற்றால் தப்பில்லை; சொல்லாமல் விற்றால்தான் வம்பு.

சரி, தோட்டுக்கு வருகிறேன். கல் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தேன். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தவர் சிரித்துக்கொண்டே லென்ஸை என்னிடம் நீட்டினார். கல்லுக்குள் பழைய இசைத்தட்டின் கோடுகள் போல வளைவு வளைவாக மெல்லிய கோடுகள். இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடு நேராகவோ கோணமாக மடங்கியோ இருக்குமே தவிர, வளையாது. பிரான்ஸின் ஓகுஸ்ட் வெர்னூய் 1902இல் அறிவித்த முறையில் வளர்த்த கல் அது. ஆக்சிஜன்-ஹைட்ரஜன் சுவாலைக்குள் அலுமினிய ஆக்சைடுத் தூளைக் கொஞ்சம் குரோமியத்தோடு தூவ, அது உருகிச் சொட்டி, கீழே உள்ள தண்டின் மேல் குமிழ்போல் உறையும். உருகிய தலைப்பகுதி உருண்டையாக இருப்பதால் அடுக்குகளும் வளைகின்றன. சில மணி நேரத்தில் ஒரு கல் தயார். டார்ச் என்னை ஏமாற்றவில்லை. நான்தான் பழைய நகையென்றால் இயற்கைக் கல் என்று முடிவு கட்டியிருந்தேன்.

ஆனால் இது போலி இல்லை. அணு அணுவாகப் பார்த்தால் மாணிக்கமேதான். அப்பாவின் பழைய எச்எம்டி வாட்ச்சில் ‘17 ஜுவல்ஸ்’ என்று போட்டிருக்கும். பல்சக்கர அச்சுகள் தேயாமல் சுழல உள்ளே வைத்திருப்பதும் இப்படி உலையில் வளர்ந்த மாணிக்கம்தான். 1960இல் தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை இயக்கியபோது சுருள் ஃபிளாஷ் விளக்குக்கு நடுவே வைத்திருந்ததும் செயற்கை மாணிக்கக் கோல்தான். அதிலிருந்து பாய்ந்த ஒளியின் அலைநீளம் 694 நானோமீட்டர். பாட்டியின் தோட்டில் அன்று இருட்டில் கனன்றதும் அதே சிவப்பு.