சர்வர் மெதுவானால் அந்தச் சிறிய பேட்டரியையும் பாருங்கள்

மாதக் கணக்கு முடிக்கும் நேரத்தில் டேட்டாபேஸ் இழுக்கிறது என்று அழைப்பு வந்தால், தொடக்க காலத்தில் நான் குவெரிகளையும் நெட்வொர்க்கையும்தான் துருவிக்கொண்டிருப்பேன். இப்போது, சர்வரின் பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டு கன்ட்ரோலரின் பேட்டரி நிலையை முதலில் பார்த்துவிடுகிறேன்.

ரைட்-பேக் முறையில் இயங்கும் கன்ட்ரோலர், தரவு தன் கேஷ் (cache) என்ற வேகமான தற்காலிக நினைவகத்துக்கு வந்தவுடனேயே "எழுதியாயிற்று" என்று ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் சொல்லிவிட்டு, டிஸ்க்கில் எழுதும் வேலையைப் பிறகு செய்கிறது. அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் கேஷில் உள்ளதை ஓரிரு நாட்களாவது காப்பாற்றி வைப்பதே பேட்டரியின் வேலை. பேட்டரி பழுதானால், கன்ட்ரோலர் தானாகவே ரைட்-த்ரூ முறைக்கு மாறி, ஒவ்வொரு முறை எழுதும்போதும் டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. எனவே பேட்டரி பழுது பெரும்பாலும் தரவு இழப்பாக அல்ல, மந்தமாகவே முதலில் தலைகாட்டும்.

சில சமயம் பழுதே இல்லாமலும் இது நடக்கும். பழைய கன்ட்ரோலர்கள் பலவற்றில், பேட்டரியை முழுமையாக இறக்கி மீண்டும் ஏற்றி அதன் கொள்ளளவை அளக்கும் லேர்ன் சைக்கிள், 30 அல்லது 90 நாட்களுக்கு ஒருமுறை தானாக ஓடும். அது முடியச் சில மணி நேரம் ஆகலாம், அதுவரை ரைட்-த்ரூதான். அதை வேலை நாளின் நண்பகலில் ஓட விடாமல், விடுமுறை நாளின் இரவுக்கு மாற்றி வைப்பது நல்லது.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. பேட்டரி செத்திருந்தாலும் ரைட்-பேக்கிலேயே இருக்கும்படி கன்ட்ரோலரைக் கட்டாயப்படுத்தும் அமைப்பு ஒன்று உண்டு. வேகம் உடனே திரும்பிவிடும், புகார்களும் நின்றுவிடும். ஓர் அலுவலகத்தில் யாரோ அப்படி அமைத்துவிட்டு மறந்திருந்தார்கள். யுபிஎஸ் இருக்கிறதே என்ற தைரியம் வேறு. ஒருநாள் சர்வரின் பவர் சப்ளையே எரிந்துபோனது. அதற்கு யுபிஎஸ் என்ன செய்யும்? மூடியைத் திறந்தபோது பேட்டரி உப்பி, தன் பிளாஸ்டிக் கூட்டைப் பிளந்துகொண்டு நின்றது. டேட்டாபேஸ் பதிவாகிவிட்டதாக நம்பியிருந்த கடைசித் தரவுகள் டிஸ்க்கில் இல்லை, தரவைத் தேட உதவும் இண்டெக்ஸ்கள் சிதைந்திருந்தன, முந்தைய இரவின் பேக்கப்பிலிருந்துதான் மீட்க முடிந்தது.

லித்தியம்-அயான் பேட்டரி பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் முதுமையடையும், வெப்பம் அதை விரைவுபடுத்தும் என்பதால், நான் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒன்றையே நம்புவதில்லை. அலமாரியில் நெடுநாள் கிடந்த உதிரியும் புதியதாகாது. வாங்கும்போதே தயாரிப்புத் தேதியைப் பார்த்துவிடுங்கள். மாற்றுவதற்கு முன் சர்வரை முறையாக ஷட்டவுன் செய்து, கேஷ் காலியாகிவிட்டதை உறுதி செய்யுங்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்த சர்வரில், எழுதப்படாத தரவு இன்னும் அந்தப் பேட்டரியின் தயவில்தான் இருக்கிறது. அப்போது அதைக் கழற்றினால் தரவும் போய்விடும். புதிய பேட்டரி சார்ஜ் ஆகும் வரை ரைட்-த்ரூ என்றே காட்டும். அது கோளாறு அல்ல.

இப்போதைய கன்ட்ரோலர்கள் பலவற்றில் பேட்டரிக்குப் பதிலாக, சிறிது நேரத்துக்கு மின்சாரம் தரும் சூப்பர் கெபாசிட்டரும், மின்சாரம் இல்லாமலேயே தரவை வைத்திருக்கும் ஃபிளாஷ் நினைவகமும் வருகின்றன. மின்சாரம் போனவுடன் கேஷில் உள்ளது ஃபிளாஷுக்கு நகலாகிவிடுவதால் சில நாட்கள் என்ற கெடு இல்லை. ஆனால் கெபாசிட்டரும் தேயும் பொருள்தான், அதன் எச்சரிக்கையும் யாருடைய மின்னஞ்சலுக்காவது போய்ச் சேர வேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு டிஸ்க்குக்குள்ளும் தனியாக ஒரு கேஷ் இருக்கிறது. கன்ட்ரோலரின் பேட்டரி அதைக் காப்பதில்லை. மின்தடைப் பாதுகாப்பு இல்லாத டிஸ்க்குகளில் நான் அதை அணைத்தே வைக்கிறேன்.