ரேம்ப்பில் வேலை செய்பவர்களின் காதுகள்

விமானத்தில் லக்கேஜ் ஏற்றுபவர்கள், இன்ஜின் பார்க்கும் டெக்னீஷியன்கள் என்று ரேம்ப்பில், அதாவது விமானங்கள் வந்து நிற்கும் தளத்தில், வேலை செய்பவர்கள் என்னிடம் செவித்திறன் பரிசோதனைக்குத் தாங்களாக வருவது குறைவு. "டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போறார் மேடம்" என்று மனைவிதான் அழைத்து வருவார். கணவரைக் கேட்டால், "சேர்ந்த புதுசுல காது அடைக்கும், இப்போ பழகிடுச்சு" என்பார்.

எனக்குப் பயமே அந்தப் பதில்தான். காது சத்தத்துக்குப் பழகுவதில்லை, உட்காதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் அழிந்துபோனதால் சத்தம் குறைவாகத் தெரிகிறது, அந்தச் செல்கள் மனிதர்களுக்குத் திரும்ப வளர்வதும் இல்லை. பரிசோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில், அதாவது கீச்சென்ற ஒலிகள் இருக்கும் இடத்தில், ஒரு பள்ளம் விழுந்திருக்கும். கூப்பிட்டால் கேட்கும், ஃபேன் ஓடும் அறையில் பேசினால் 'பல்'லா 'கல்'லா என்று பிடிபடாது.

அமெரிக்காவின் நியோஷ் என்ற பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு, இருக்கலாம் என்கிற நேரம் பாதி. அப்படிப் போனால் 100 டெசிபலில் 15 நிமிடம், 115-ல் அரை நிமிடம்கூட இல்லை. டேக்-ஆஃப் வேகத்தில் ஓடும் ஜெட் இன்ஜின் பக்கத்தில் 120-ஐச் சாதாரணமாகத் தாண்டும். நிற்கிற விமானமும் அமைதியாக இருக்காது, வாலில் ஏபியு என்கிற, மின்சாரம் தரும் சின்ன இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்.

ராக்கெட் இன்னும் பயங்கரம். 2011 வரை பறந்த ஸ்பேஸ் ஷட்டில் கிளம்பும்போது ஏவுதளத்தில் சுமார் 11 லட்சம் லிட்டர் தண்ணீர் கொட்டினார்கள், தீயை அணைக்க இல்லை, சத்தத்தை அடக்க. இல்லாவிட்டால் தரையில் மோதித் திரும்பும் ஒலியே வாகனத்தைச் சேதப்படுத்தியிருக்கும். 1981 ஏப்ரலில் கொலம்பியா ஷட்டிலின் முதல் பயணத்தில் பூஸ்டர் ராக்கெட்டுகள் பற்றியதும் எழுந்த அழுத்த அலையில் வெப்பத்தடுப்பு ஓடுகள் சேதமான பிறகு, அந்தத் தண்ணீர் ஏற்பாட்டையே மாற்றியமைத்தார்கள். ஆனால் ராக்கெட் கிளம்பும்போது பக்கத்தில் யாரும் நிற்பதில்லை, விமானத்துக்குப் பக்கத்தில் தினமும் ஆள் நிற்கிறார்கள்.

பஞ்சு வைப்பது வீண். ஃபோம் பிளக்கை மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை விரலால் பிடித்திருங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சரியாகப் போகவில்லை. இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் ரன்-அப் நடந்தால் அதன்மேல் இயர்மஃபும் வேண்டும். வாக்கி-டாக்கியில் பேச ஒரு நிமிடம்தானே என்று கழற்றுகிறீர்களே, பக்கத்தில் இன்ஜின் ஓடினால் அன்றைய வரம்பு முழுதும் அந்த நிமிடத்திலேயே தீர்ந்துவிடும். ஷிஃப்ட் முடிந்தும் காதுக்குள் இரைச்சல் நிற்கவில்லை, ஒரு காது திடீரென்று அடைத்துக்கொண்டது என்றால் அன்றைக்கே இஎன்டி டாக்டரைப் பாருங்கள், வார லீவு வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.