பெயரின் பதினாறாவது பைட்

பிங் போகிறது, பகிர்ந்த ஃபோல்டரும் திறக்கிறது. ஆனால் இன்னொரு கணினியின் திரைக்குச் சிறு செய்தி அனுப்பும் 'நெட் சென்ட்' கட்டளையைக் கொடுத்தால் மட்டும் அந்தப் பெயரில் யாரும் இல்லை என்கிறது. விண்டோஸ் என்டி, 2000, எக்ஸ்பி கணினிகளோடு சாம்பா (விண்டோஸோடு கோப்புப் பகிர உதவும் மென்பொருள்) ஓடும் லினக்ஸையும் ஒரே லேனில் (உள் வலையமைப்பில்) கட்டியவர்களுக்குப் பழகிய தலைவலி இது. பிங் தேடுகிற பெயர் வேறு, செய்தி தேடுகிற பெயர் வேறு.

செய்தி தேடுவது நெட்பயாஸ் பெயரை, அதாவது லேனில் விண்டோஸ் கணினிகள் ஒன்றையொன்று அழைக்கும் பழைய முறைப் பெயரை. அது 16 பைட் நீளம். நமக்குக் கிடைப்பது முதல் 15 தான். மிச்ச இடம் வெற்றிடக் குறியால் நிரம்பும். கடைசி பைட் சேவையைச் சொல்லும்: பதினறும எண்ணில் 00 என்றால் கணினி, 20 என்றால் கோப்புப் பகிர்வு, 03 என்றால் செய்தி. 20 பதிவாகி 03 பதிவாகாத கணினியில் ஃபோல்டர் திறக்கும், செய்தி சேராது. என்டி வழிவந்த விண்டோஸில் 03 பதிவாக, செய்தியை வாங்கிக் காட்டும் மெசஞ்சர் சேவை ஓட வேண்டும். எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 அதை அணைத்தே வைத்தது. விஸ்டாவில் அது அடியோடு போயிற்று.

ஊகிப்பதை விட்டுவிட்டு, அந்தக் கணினி பதிந்த பெயர்களின் பட்டியலைக் கட்டளை கொடுத்துப் பாருங்கள். லினக்ஸில் 'என்எம்பிலுக்கப்', விண்டோஸில் 'என்பிடிஸ்டாட்'. இரண்டிலும் பெரிய 'ஏ' போட்டு ஐபி முகவரி தர வேண்டும். (என்பிடிஸ்டாட்டில் சின்ன 'ஏ' போட்டால் ஐபிக்குப் பதில் பெயரைக் கேட்கும்.) 03 வரி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அடுத்த வில்லங்கம் நீளம். இணையத்தில் வழங்கும் டிஎன்எஸ் முறைப் பெயரில், புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒரு பகுதி 63 எழுத்து வரை போகலாம். 'லைப்ரரி-சர்வர்-01', 'லைப்ரரி-சர்வர்-02' இரண்டும் ஆங்கிலத்தில் 17 எழுத்து. 15-இல் வெட்டினால் எண்கள் உதிர்ந்து இரண்டும் ஒரே பெயராகிவிடும். பிந்தி வந்தது மோதும். சாம்பா அமைப்புக் கோப்பில் 'நெட்பயாஸ் நேம்' வரியில் குட்டிப் பெயரை நாமே எழுதிவிடுவதே நல்லது. தேடும் கணினி ரூட்டருக்கு அப்பால் இருந்தால், யுடிபி 137 என்ற போர்ட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி பெயரைக் கூவுவது எட்டாது. நெட்பயாஸ் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் வின்ஸ் சர்வர் வேண்டும், இல்லையேல் அதையே கையால் எழுதிவைக்கும் எல்எம்ஹோஸ்ட்ஸ் கோப்பு.

பெயர் சரியானாலும், வந்த செய்தியைச் சாம்பா தானாகக் காட்டாது. அமைப்புக் கோப்பின் 'மெசேஜ் கமாண்ட்' வரியில் ஒரு கட்டளை வேண்டும்; அதைப் பின்னணியில் ஓடவிடும் '&' முடிவில் இல்லாவிட்டால் அனுப்பிய கணினி உறைந்து நிற்கக்கூடும். வரியே இல்லையென்றால் சாம்பா பிழைக்குறியைத் திருப்பி அனுப்பும். பழைய விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ் அதைக்கூடக் கண்டுகொள்ளாமல், செய்தி சேர்ந்துவிட்டது என்றே சொல்லும்.