பச்சையும் இளவேனிலும்: இரண்டு சொற்களின் வேர் தேடி

'பச்சைத் தண்ணீர்' என்கிறோம். தண்ணீருக்கு ஏது நிறம்? பச்சைக் கற்பூரம் பார்க்க வெள்ளையாக இருக்கிறது. பச்சரிசியும் வெள்ளைதான். பச்சைக் குழந்தை எந்த நிறத்திலும் பிறக்கும். பச்சைப் பொய்க்கு உருவமே கிடையாது. பச்சை என்பதை ஒரு நிறத்தின் பெயராக மட்டும் எடுத்துக்கொண்டால், நாம் நாள்தோறும் பேசும் தொடர்களில் பாதிக்குப் பொருள் சொல்ல முடியாது.

மொழிபெயர்ப்புகளில் அடிக்கடி ஒரு காட்சி வருகிறது. 'வசந்தம் வந்தது, எங்கும் பச்சை போர்த்தியது.' படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தில் இருக்கும் இரண்டு முக்கியமான சொற்களையும் தமிழ் வேறு விதமாக நினைத்து வைத்திருக்கிறது. அதை இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் பச்சை. இதன் அடிச்சொல் 'பசு'. பசுமை, பசிய, பசுந்தளிர், பச்சிலை, பாசி எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. இந்த அடி புணர்ச்சியில் பல உருவம் எடுக்கும். பசுமையோடு இலை சேர்ந்தால் பாசிலை. தமிழ் சேர்ந்தால் பைந்தமிழ். கிளி சேர்ந்தால் பைங்கிளி. முதலெழுத்து நீள்வதை 'ஆதி நீடல்' என்றும், அகரம் ஐகாரமாவதை 'அடியகரம் ஐயாதல்' என்றும் நன்னூல் விதி சொல்கிறது. அந்த நூற்பாவைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்களுக்கு அது வெறும் விதி. ஆனால் பைங்கிளியும் பாசியும் பச்சிலையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று காட்டுவதும் அதுதான். கறவை மாட்டைக் குறிக்கும் பசு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது இல்லை. அது வடமொழியிலிருந்து வந்த வேறு சொல். தமிழில் அதற்கு ஆ, ஆன் என்ற பழைய சொற்கள் உண்டு.

உறவு மொழிகளிலும் இந்த வேர் உயிரோடு இருக்கிறது. மலையாளத்தில் பச்ச. கன்னடத்தில் பகரம் ஹகரமாகி, நிறத்துக்கு ஹசிரு, வேகாததற்கு ஹசி. தெலுங்கு இன்னும் சுவையானது. அங்கே பச்சி என்றால் வேகாதது, பசுபு என்றால் மஞ்சள், பச்ச என்றால் மஞ்சளாகவும் இருக்கலாம், பச்சையாகவும் இருக்கலாம். அதனால் நிறத்தைக் குழப்பமில்லாமல் சொல்ல 'ஆகுபச்ச', அதாவது இலைப்பச்சை என்பார்கள். ஒரே வேர் மஞ்சளையும் பச்சையையும் வேகாத நிலையையும் சேர்த்துத் தாங்குகிறது.

சரி, இந்த மூன்றும் எப்படி ஒன்றாகின? விடை திருக்குறளிலேயே கிடைக்கிறது. 16ஆம் குறளில் 'பசும்புல்' வருகிறது. வானத்திலிருந்து துளி விழாவிட்டால் அந்தப் பசும்புல்லின் தலையைக்கூடக் காண முடியாது என்கிறார். இங்கே பசுமை என்பது நிறமும் உயிரும். 660ஆம் குறளில் 'பசுமண் கலம்' வருகிறது. தவறான வழியில் பொருள் சேர்த்துக் காப்பது, சுடாத மண் பாத்திரத்தில் நீரை ஊற்றி வைப்பது போல என்கிறார். அந்த மண்ணில் பச்சை நிறம் துளியும் இல்லை. அது ஈரமானது, தீயில் வேகாதது, அவ்வளவுதான். 1187ஆம் குறளில் 'பசப்பு' வருகிறது. காதலனைத் தழுவியிருந்தவள் சற்றே விலகினாள், அந்த நொடியில் அள்ளிக்கொள்ளும் அளவுக்குப் பசலை, அதாவது பிரிவுத் துயரில் மேனியில் ஏறும் நிற மாற்றம், படர்ந்துவிட்டது. இங்கே அது வெளிறிய, பொன் போன்ற மஞ்சள். ஒரே நூல், ஒரே வேர், மூன்று பொருள்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: பசுமையின் மையத்தில் இருப்பது ஈரமும் முதிராமையும். தீ தொடாதது, வெயில் உலர்த்தாதது, காலம் முதிர்விக்காதது. பச்சைக் குழந்தை, பச்சை மண், பச்சைப் புண், பச்சை உடம்பு எல்லாம் அங்கிருந்துதான் கிளைக்கின்றன. குழந்தை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் எவ்வளவு கனிவு இருக்கிறது! இன்னும் ஆறாத, தொட்டால் நோகக்கூடிய உடம்பு என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். ஒளிவுமறைவில்லாத பொய்யைப் பச்சைப் பொய் என்பதும், மறைக்க வேண்டியதை மறைக்காமல் பேசுவதைப் பச்சையாகப் பேசுவது என்பதும் இதன் நீட்சியே. பக்குவப்படுத்தாத பொய், பக்குவப்படுத்தாத பேச்சு.

பசலையை மட்டும் இன்னும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பசும்பொன், பைம்பூண் என்ற சொற்களில் இருப்பதும் இதே மஞ்சள் சாயல்தான். இப்படிப் பச்சையையும் மஞ்சளையும் ஒரே சொல்லில் வைத்தது தமிழ்க் குடும்பம் மட்டுமில்லை. பழைய கிரேக்கத்தில் 'குளோரோஸ்' என்ற சொல் இளம்புல்லின் பச்சையையும் வெளிறிய முகத்தின் மஞ்சளையும் குறித்தது. ஐரோப்பிய மருத்துவர்கள் பின்னாளில் இளம்பெண்களுக்கு வந்த ஒரு வகைச் சோகையை அதே சொல்லிலிருந்து 'குளோரோசிஸ்' என்று அழைத்தார்கள். காதல் ஏக்கத்தோடு அதைச் சேர்த்துப் பேசிய காலமும் இருந்தது. பசலைக்கு இவ்வளவு நெருக்கமான ஒன்று இன்னொரு மொழியில் இருப்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. 1817ஆம் ஆண்டு பிரான்சில் பெல்லெத்தியே, கவாந்து என்ற இரு வேதியியலாளர்கள் இலையிலிருந்து பச்சை நிறமியைப் பிரித்தெடுத்து 'குளோரோபில்' என்று பெயர் வைத்ததும் இதே கிரேக்கச் சொல்லைக் கொண்டுதான். அதற்குத் தமிழில் 'பச்சையம்' என்று ஆக்கிக்கொண்டோம். அந்த மொழியின் வேருக்கு நம் மொழியின் ஒத்த வேர். மிக நல்ல கலைச்சொல்.

இனி வசந்தம். இது வடமொழி 'வஸந்த'. அதன் உறவுகள் வெகுதூரம் போகின்றன. லத்தீனில் 'வேர்', ரஷ்ய மொழியில் 'வெஸ்னா', பாரசீகத்தில் 'பஹார்' என்று இளவேனிலைக் குறிக்கும் சொற்கள் எல்லாம் ஒரே மூதாதைச் சொல்லிலிருந்து வந்தவை. லிதுவேனிய மொழியில் அதே வேர் 'வசரா' ஆகிக் கோடையைக் குறிக்கிறது. தமிழில் வசந்தம் பல நூற்றாண்டுகளாகப் புழங்கி வேரூன்றிவிட்டது. வசந்த மண்டபம், வசந்த விழா, வாழ்வில் வசந்தம் என்றெல்லாம் பழகிய சொல்லை வெளியே தள்ள வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குத் தமிழில் உரிய சொல் இளவேனில். அது வசந்தத்தைவிட அதிகம் சொல்கிறது என்பதுதான் என் கட்சி.

வேனில் என்பது 'வே' என்ற வேரிலிருந்து வருவது. வேதல், வெயில், வெம்மை எல்லாம் அதன் கூட்டம். ஆக இளவேனில் என்றால் இளைய வெம்மை, வெம்மையின் குழந்தைப் பருவம். அது முற்றினால் முதுவேனில். தொல்காப்பியம் பாலைத் திணைக்கு வேனிலைப் பொழுதாகச் சொல்கிறது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறு பெரும்பொழுதுகளில் சித்திரையும் வைகாசியும் இளவேனிலுக்கு உரியவை. அந்தப் பெயரில் பூவும் இல்லை, இலையும் இல்லை. பனி போய் முதல் வெப்பம் உடம்பில் படுகிறது, அதுதான் பெயராகியிருக்கிறது.

இளவேனில் வருவதைப் பற்றி ஐங்குறுநூற்றில் ஒரு தனிப் பத்தே உண்டு. ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் 'இளவேனிற் பத்து'. பத்துப் பாட்டும் ஒரே அடியில் தொடங்கும்: 'அவரோ வாரார் தான்வந் தன்றே.' வருவேன் என்றவர் வரவில்லை, வேனில் வந்துவிட்டது. குயில் கூவுகிறது, கோங்கின் மொட்டு விரிகிறது, குரவம் பூக்கிறது, வேம்பு பூ உதிர்க்கிறது. வந்தவற்றையெல்லாம் எண்ணி எண்ணி வராத ஒருவரைச் சொல்லும் பாட்டுகள். அதில் ஒன்பதாவது, 349ஆம் பாட்டு, மாமரத்தைப் பற்றியது. கிளையே மறையும்படி மாமரம் 'எரிகால் இளந்தளிர்' ஈனும் பொழுது என்கிறார். நெருப்பை உமிழும் தளிர்!

இளவேனிலின் இலை நிறம் அங்கே பச்சை இல்லை, தீயின் சிவப்பு. இது கற்பனையும் இல்லை. மாந்தளிரில் அந்தோசயனின் என்ற செந்நிறமி மிகுந்திருக்கும், பச்சையம் இன்னும் நிரம்பியிருக்காது. இலை முதிர முதிரச் செம்பு நிறம் மங்கி, வெளிர்பச்சையாகி, அப்புறம் கரும்பச்சை ஆகும். மாந்தளிர் மேனி என்று பெண்ணின் நிறத்தைப் பாடியவர்கள் கண்ணால் கண்டதைத்தான் பாடினார்கள். இளவேனிலில் பச்சையே கிடையாது என்று நான் சொல்லவில்லை. புங்க மரம் தளிர்த்துப் பளபளக்கும் அழகை யார் மறுக்க முடியும்? ஆனால் இந்தப் பருவத்தின் அடையாளமாகத் தமிழ் பச்சையை வைக்கவில்லை. சிலப்பதிகாரத்து வேனிற்காதையிலும் இளவேனில் காமதேவனான மாரனின் துணையாக, ஓர் இளவரசனாக வருகிறான். தென்றல் அவனுக்குத் தூதன். காமமும் பிரிவும்தான் அவனுடைய ஆட்சி.

அப்படியானால் தமிழில் பச்சை எந்தப் பருவத்துக்கு உரியது? மழைக்கு. கார் என்ற சொல்லே கருமையைக் குறிப்பது. கருமுகில் திரண்டு பெய்தபின் முல்லை நிலம் பசுமையாகும். மீண்டும் அந்த 16ஆம் குறள்: துளி விழுந்தால்தான் பசும்புல். ஈரத்தில் பிறந்த சொல் ஈரக் காலத்தோடு போய்ச் சேர்ந்திருக்கிறது.

குளிர்நாடுகளில் கதை வேறு. அங்கே இலையுதிர் காலத்தில் பச்சையம் சிதைந்து, இலை பழுத்து விழுந்து, மாதக்கணக்கில் மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. பனி உருகியதும் முதலில் திரும்பி வருவது பச்சை நிறம். அதனால் அங்கே பச்சையும் பருவமும் பிரிக்க முடியாதவை ஆயின. ஆங்கிலத்தில் பச்சைக்கான 'கிரீன்', வளர்தலைக் குறிக்கும் 'குரோ', புல்லைக் குறிக்கும் 'கிராஸ்' மூன்றும் ஒரே வேர். சீன மொழியில் இளமைக்கான சொல்லே 'பச்சை இளவேனில்' என்ற பொருள் தரும் கூட்டுச்சொல். குளிர்நாடு அல்லாத பழைய எகிப்திலும், சாவிலிருந்து எழும் தெய்வமான ஒசைரிசுக்குப் பச்சை மேனி தீட்டினார்கள். பச்சை என்ற சொல்லை எழுத அவர்கள் பயன்படுத்திய, பாப்பிரஸ் என்ற நீர்ச்செடியின் தண்டு வடிவ எழுத்துக்குச் செழிப்பு என்ற பொருளும் உண்டு.

இனி எழுதும்போது எதை எங்கே போடுவது என்று பார்ப்போம். பச்சை, பசுமை இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது. பச்சை கண்ணில் படும் நிறம், அல்லது வேகாத நிலை. பசுமை ஒரு தன்மை. பச்சைச் சட்டை என்போம், பசுமைச் சட்டை என்றால் வேறு ஏதோ ஆகிவிடும். நினைவு பசுமையாக இருக்கும், பச்சையாக இருக்காது. 1968இல் அமெரிக்க அதிகாரி வில்லியம் காட் பயன்படுத்திய தொடரைத் தமிழில் பசுமைப் புரட்சி என்று பெயர்த்தவர்களின் காது கூர்மையானது. பச்சைப் புரட்சி என்று வைத்திருந்தால் பக்குவமில்லாத புரட்சி என்றல்லவா ஒலித்திருக்கும்! பசுமை இல்லம், பசுமை ஆற்றல் எல்லாம் அதே வழியில் வந்த நல்ல ஆக்கங்கள்.

குளிர்நாட்டுப் பருவத்துக்கு இளவேனில் பொருந்துமா, அங்கே ஏது வெப்பம் என்று சிலர் கேட்பதுண்டு. நன்றாகவே பொருந்தும் என்பேன். மார்ச் 20, 21 வாக்கில் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகி, பிறகு பகல் நீண்டு, உறைந்த நிலத்தில் முதல் வெம்மை இறங்குவதுதானே அந்தப் பருவம்? ஆஸ்திரேலியாவில் அதே பருவம் செப்டம்பரில் வருகிறது. அப்போதும் அது இளைய வெம்மைதான். மாதம் மாறினாலும் சொல்லின் பொருள் மாறுவதில்லை.

ஆகவே அந்த மொழிபெயர்ப்பு வாக்கியம் என் கைக்கு வந்தால் 'இளவேனில் வந்தது, மரங்களில் இளம்பச்சை துளிர்த்தது' என்று எழுதுவேன். கரும்பச்சை, பாசிப்பச்சை, கிளிப்பச்சை என்று எத்தனையோ வகை இருக்க, இங்கே இளம்பச்சையை எடுப்பதற்குக் காரணம் உண்டு. பருவத்தின் பெயரிலும் நிறத்தின் பெயரிலும், ஓதலாந்தையாரின் இளந்தளிரிலும், முன்னால் நிற்பது ஒரே 'இள'தான்.