பேஸ்மென்ட்டுக்கு ஹீட்டர் வாங்குமுன்

கனடாவில் டொராண்டோவைச் சுற்றி மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் பக்கம் புது வீடு வாங்கும் நம்மவர்கள் ஓரிரு வருடத்திலேயே பேஸ்மென்ட்டை, அதாவது தரைக்குக் கீழே இருக்கும் தளத்தை, கட்டி முடிக்க இறங்கிவிடுகிறார்கள். டைல்ஸுக்கும் பாட் லைட்டுக்கும் தனித்தனி பட்ஜெட் இருக்கும். சூட்டுக்கு மட்டும் "அதான் ஃபர்னஸ் இருக்கே" என்று விட்டுவிடுவார்கள். ஃபர்னஸ் என்பது காற்றைச் சூடாக்கி, டக்ட் எனும் காற்றுக்குழாய் வழியாக வீடு முழுக்க அனுப்பும் இயந்திரம். ஜனவரி வந்ததும் எனக்கு போன் வரும்: "கீழே இருக்கவே முடியல, பெரிய ஃபர்னஸ் போடணுமா?"

பெரும்பாலும் வேண்டியதில்லை. பில்டர் வைக்கும் கேஸ் ஃபர்னஸின் அளவு, பேஸ்மென்ட்டையும் சேர்த்து வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிட்டு முடிவாவது. அதைவிடப் பெரிதாகப் போட்டால் மேல்தளம் சில நிமிஷத்தில் சூடாகி ஃபர்னஸ் அணைந்துவிடும். கீழே இருப்பவர்களுக்கு முன்பைவிட மோசம்.

தெர்மோஸ்டாட் இருப்பது மேலே ஹாலில். அங்கே 21 டிகிரி வந்ததும் ஃபர்னஸுக்கு வேலை முடிந்தது. கீழே என்ன நிலைமை என்று அதற்குத் தெரியாது. அதோடு, பேஸ்மென்ட்டில் சூடான காற்று வரும் வென்ட்கள் (துவாரங்கள்) எல்லாம் சீலிங்கில் இருக்கும். சூடான காற்று மேலேயே நிற்கும், குளிர்ந்த காற்று தரையில் தேங்கும். நான் போகிற வீடுகளில் முதலில் ஒரு தெர்மாமீட்டரைத் தலை உயரத்திலும், பிறகு கணுக்கால் உயரத்திலும் பிடித்துக் காட்டுவேன். அந்த வித்தியாசத்தைப் பார்த்தபின் யாரும் ஃபர்னஸைக் குறை சொல்வதில்லை.

ஆகவே சுவருக்கு டிரைவால் பலகை அடிக்குமுன் டக்ட் வேலையை முடியுங்கள். சூடான காற்று வரும் குழாயைச் சுவர் வழியாக இறக்கி, ஜன்னலுக்குக் கீழே, தரைக்குப் பக்கத்தில் திறக்க வேண்டும். எதிர்ச்சுவரில் தரையோடு ஒட்டி ரிட்டர்ன், அதாவது குளிர்ந்த காற்றை ஃபர்னஸுக்குத் திரும்ப இழுக்கும் துவாரம், வேண்டும். பல பேஸ்மென்ட்களில் ரிட்டர்னே கிடையாது. குளிர்ந்த காற்றை இழுக்க வழியில்லாவிட்டால் எத்தனை வென்ட் வைத்தும் பிரயோஜனமில்லை. ஒன்று: ஃபர்னஸ் அறைக்குள் மட்டும் ரிட்டர்ன் வைக்கவே கூடாது. வாட்டர் ஹீட்டரின் புகையை அது வீட்டுக்குள் இழுத்துவிடலாம்.

தரைக்கு வருவோம். கான்கிரீட்டுக்குக் கீழே மண் வருடம் முழுக்க ஏறத்தாழ 10 டிகிரியில் கிடக்கிறது. அதன்மேல் நேரடியாக வினைல் ஒட்டினால் கால் சில்லிடத்தான் செய்யும். இன்சுலேஷன் உள்ள சப்ஃப்ளோர் பலகை போடுங்கள். சீலிங் உயரத்தில் ஓர் அங்குலமோ கொஞ்சம் கூடவோ போகும், போகட்டும். வெந்நீர்க் குழாயைத் தரைக்குள் ஓட விடும் முறை அருமையானது, ஆனால் அது கான்கிரீட் ஊற்றுமுன் செய்ய வேண்டிய வேலை. கட்டி முடிந்த வீட்டில் பாத்ரூம் டைலுக்குக் கீழே மின்சார ஹீட்டிங் வயர் போதும்.

இதற்கு மேல்தான் தனி ஹீட்டர் கேள்வியே. குழந்தைகள் விளையாடவும் டிவி பார்க்கவும் என்றால் சரிசெய்த டக்டே போதும். அம்மா அப்பா கீழே தங்கப்போகிறார்கள் என்றால் படுக்கையறையில் தனி தெர்மோஸ்டாட்டோடு சுவரடியில் பொருத்தும் 240 வோல்ட் பேஸ்போர்டு மின்சார ஹீட்டர் வையுங்கள். சதுர அடிக்கு 10 வாட் என்பது தோராயக் கணக்கு; 150 சதுர அடி அறைக்கு 1500 வாட். வாங்க மலிவு, ஆனால் 10 மணி நேரம் விடாமல் ஓடினால் 15 யூனிட். பேஸ்மென்ட் முழுவதையும் இதை வைத்துச் சூடாக்கினால் பில் பார்த்து மயக்கம் வரும். பெரிய திறந்த ஹாலுக்கு மினி ஸ்பிளிட் ஹீட் பம்ப் (ஸ்பிளிட் ஏசி போலச் சுவரில் மாட்டி, வெளிக்காற்றின் சூட்டை உள்ளே கொண்டுவருவது) என் தேர்வு. கடுங்குளிருக்கென்று வரும் மாடல்கள் மைனஸ் 25 வரை வேலை செய்யும், கோடையில் ஈரப்பதத்தையும் இழுக்கும். மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு மட்டும் அந்தச் சூடு போகாது.

வாடகைக்கு விடுவதென்றால் நகராட்சி பர்மிட் இல்லாமல் ஆணிகூட அடிக்காதீர்கள். ஒரே டக்டில் காற்று ஓடினால் குழம்பு வாசம் மட்டுமல்ல, தீப்பிடித்தால் புகையும் மேல், கீழ் இரண்டு வீட்டுக்கும் போகும். கேஸ் வேலைக்கு ஒன்டாரியோ மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்எஸ்ஏவின் லைசென்ஸ் உள்ளவர்தான் கை வைக்கலாம். படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் 2014 முதல் ஒன்டாரியோவில் கட்டாயம்.

அப்புறம், ஃபர்னஸைச் சுற்றிச் சுவர் எழுப்பும்போது கான்ட்ராக்டர் பக்கத்தில் நின்று பாருங்கள். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஃபில்டரைக்கூட வெளியே இழுக்க முடியாத அளவுக்கு நெருக்கி அடைத்த அறைகளை அடிக்கடி பார்க்கிறேன். சர்வீஸ் செய்ய வேண்டுமானால் சுவரை வெட்ட வேண்டியதுதான்.