ரெண்டரை டன் வண்டி ஏற்காடு இறங்கும்போது அந்த சூடெல்லாம் எங்க போகுது?

ஏற்காட்டுல இருந்து இறங்கி அடிவாரத்துல வந்து நின்னா ஒரு கருகுன வாடை அடிக்கும் பாருங்க, அது பிரேக் வாடை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம்னா இன்னும் தூக்கலா இருக்கும். போன மாசம் அது எங்க மாமா பையனோட புது எஸ்யூவி சக்கரத்துல இருந்தே வந்துச்சு. கோடிக்கு மேல குடுத்து வாங்குனது, மசாஜ் சீட்டு, கூரை முழுக்க சன்ரூஃப், எத்தனைன்னு அவனுக்கே தெரியாத ஸ்பீக்கர்னு எல்லாம் இருக்கு. "ஹில் டிசென்ட் பட்டன போட்டுட்டுதான் மாப்ள வந்தேன், அப்புறம் எப்படி"ன்னு ஒரே குழப்பம் (இறக்கத்துல வண்டிய தானா மெதுவா இறக்குற பட்டன் அது).

கணக்கு போட்டு பாத்தா புரிஞ்சிரும். சேலம் சுமாரா 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1500, அந்த 20 கொண்டை ஊசி வளைவுலயும் சேத்து 1200 மீட்டர் இறங்குறோம். வண்டி 2500 கிலோன்னு வெச்சுக்கிட்டா கிட்டத்தட்ட 3 கோடி ஜூல், அதாவது 100 லிட்டர் பச்சத்தண்ணிய கொதிக்க வெக்கிற சூடு. டயர் உரசல்லயும் காத்துலயும் கொஞ்சம் போயிரும், மிச்சம் எங்கயாவது போய்த்தானே ஆகணும்?

ஹில் டிசென்ட் கன்ட்ரோல் 1997ல லேண்ட் ரோவர் ஃப்ரீலாண்டர்ல வந்தது, சேறு, பாறை மாதிரி செங்குத்தான எடத்துல வண்டி வழுக்காம மெதுவா இறங்குறதுக்கு. ஏபிஎஸ் (பிரேக் புடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காம பாத்துக்குற சிஸ்டம்) பம்ப் ஒவ்வொரு சக்கரத்தையும் விட்டு விட்டு புடிக்கும், ஆனா புடிக்கிறது அதே பிரேக்கத்தான், நம்ம கால் மிதிக்கல அவ்வளவுதான். டிஸ்க்கு நடுவுல காத்து போக சந்து விட்டிருந்தாலும் இடைவெளியே இல்லாம புடிச்சா ஆற நேரம் ஏது. சூடு அப்படியே பிரேக் ஆயிலுக்கு ஏறும். டாட் 4ங்கிற வகை பிரேக் ஆயில் புதுசா இருக்கைல 230 டிகிரி வரைக்கும் தாங்கும், ஈரத்த இழுத்து பழசாயிட்டா 155லயே கொதிச்சிரலாம், ஆவி அமுங்கும்ல, பெடல் பொதபொதன்னு உள்ள போயிரும்.

நம்ம பஸ் டிரைவருங்க சொல்ற "ஏறுன கியர்லயே இறங்கு"தான் இதுக்கு மருந்து. ஆட்டோமேட்டிக்னா மேனுவல் மோடுல போட்டு ரெண்டாவது கியர்ல வெக்கணும். ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்ததும் எரிபொருள் நின்னுரும், சக்கரம்தான் இன்ஜின சுத்த வெக்கும், அந்த இழுவைல போற சூட்ட ரேடியேட்டரும் சைலன்சரும் வெளிய தள்ளிரும். பிரேக்க வளைவுக்கு முன்னாடி ஒரு தடவ அழுத்தமா புடிச்சு விட்டா போதும்.

ஏர் சஸ்பென்ஷன், பின்சக்கரமும் திரும்புற ஸ்டீயரிங் எல்லாம் வளைவுல நல்ல உதவிதான் (5 மீட்டர் வண்டிக்கு பின்சக்கரம் எதிர்ப்பக்கமா திரும்புறது பெரிய வரம்), ஆனா சூட்டுக்கு அதுங்க எதுவும் செய்யாது.

எலக்ட்ரிக் எஸ்யூவினா கதையே வேற. அதே 3 கோடி ஜூல் நம்ம வீட்டு மீட்டர் கணக்குல 8 யூனிட்டு, மோட்டாரே ஜெனரேட்டரா மாறி அதுல பாதிக்கு மேல பேட்டரிக்கு திருப்பி குடுத்துரும். ஒரே சிக்கல், மேலயே 100 சதவீதம் சார்ஜ் போட்டுட்டு கிளம்புனா வர்ற கரண்ட வாங்கிக்க பேட்டரில எடம் இருக்காது, முதல் சில வளைவுக்கு மறுபடி பிரேக்தான் சூடாகும்.